கூப்பிட்டால் திரும்பாத பூனை

விலங்குகள் காப்பகம் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு நாளாக மூன்றாவது மாடியிலேயே நின்றுபோயிருந்தது. அதைச் சரிசெய்யப் போன மெக்கானிக்குக்குப் பூனை வளர்க்கும் எண்ணமெல்லாம் கிடையாது. நாற்பது வயது வரை எந்தப் பிராணியையும் ஏறெடுத்துப் பார்க்காதவன். மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். அதனால் கூட வேலை செய்கிறவர்களுக்கு அவன் 'டாக்டர்'.

வேலை முடிந்து கையெழுத்து வாங்க உள்ளே போனான். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் தகரத் தொட்டியைத் தட்டிவிட, மற்ற நாய்களும் குரைக்கத் தொடங்கின. காது கிழிந்தது. கூண்டுகளில் இருந்த பூனைகள் எல்லாம் மூலையில் ஒடுங்கின. சாம்பல் நிறப் பூனை ஒன்று மட்டும், எனக்கென்ன வந்தது என்று முன்காலை நக்கிக்கொண்டிருந்தது.

காப்பகத்துப் பெண்ணிடம் விசாரித்தான். பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தார்களாம். வந்து நாலு மாதமாகிறதாம்.

"யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க சார். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது. அது யாருக்கும் பிடிக்கல" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பூனை அவன் மனதை விட்டு இறங்கவில்லை. அத்தனை சத்தத்துக்கும் அசையாத தைரியம் அதற்கு எங்கிருந்து வந்தது? தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

ஏழாவது மாடி வீட்டில் அவனும் அக்காவும் மட்டும்தான். அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். அவள் வாயைத் திறந்தால் பதினோரு நடைமேடையும் நிமிர்ந்து பார்க்கும். பூனை என்றதும் முடி, நாற்றம், கிழிந்த திரைச்சீலை என்று அடுக்கிக்கொண்டே போனாள். மூன்று நாள் கழித்து, தம்பியின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் இறங்கி வந்தாள். ஆனால் சமையலறைக்குள் வரக்கூடாது, தன் கட்டிலில் ஏறக்கூடாது, அது வெளிக்குப் போகும் மணல் தட்டு முழுக்க அவன் பொறுப்பு. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். காப்பகத்துப் பெண் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, பால்கனிக்கு வலை கட்டச் சொன்னாள். அன்றே கட்டினான். அந்த வாரக் கடைசியில் பூனை வந்து சேர்ந்தது.

முதல் இரண்டு நிபந்தனைகளும் பத்து நாளில் காற்றில் பறந்தன. அக்கா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் கூப்பிட்டால் திரும்பாதது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மணி, பட்டு, ராணி, சாம்பல் என்று தினம் ஒரு பெயர் வைத்துப் பார்த்தாள். கொஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், நடைமேடைக் குரலிலும் கூப்பிட்டுப் பார்த்தாள். பூனை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. இதற்கு உடம்பெல்லாம் திமிர் என்று தம்பியிடம் முறையிட்டாள். அவன் வேலையிலிருந்து திரும்பும்போது மட்டும் கதவுக்கு முன்னால் போய்க் காத்து நிற்கிறதே என்றும் பொருமினாள். அதைக் கேட்டு அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

ஒரு நாள் காலை அக்காவின் கை தவறி எவர்சில்வர் தட்டு சமையல் மேடைமேல் விழுந்தது. பூனைக்கு இரண்டடி பின்னால்தான் விழுந்தது. அக்காவே துள்ளிவிட்டாள். பூனையின் காது மடல்கூட அசையவில்லை. அவள் தட்டை எடுத்து, வேண்டுமென்றே இன்னொரு முறை அதன் தலைக்கு மேலே கரண்டியால் தட்டினாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"டேய் தம்பி, இதுக்குத் திமிரும் இல்ல, ஒண்ணும் இல்ல. காதே கேக்கலடா."

அன்று சாயங்காலமே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறவியிலேயே செவிடாக இருக்கலாம் என்றார் அவர். அவன் காப்பகத்துக்கும் தகவல் சொன்னான். அந்தப் பெண் பதறிப்போய், பரிசோதிக்காமல் கொடுத்தது தங்கள் தவறு, வேண்டுமானால் வேறு பூனை தருகிறோம் என்றாள். அக்கா போனைப் பிடுங்கி, "நாங்க என்ன சட்டையாம்மா வாங்கிட்டுப் போனோம், மாத்திக்கறதுக்கு?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அவனுக்கோ இப்போது வேறொரு குடைச்சல். காது கேட்காத பூனைக்குத் தான் வருவது எப்படித் தெரிகிறது? ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சோதனையில் இறங்கினார்கள். அவன் படிக்கட்டு வழியாக ஏறி வந்தான். பூனை தூங்கிக்கொண்டிருந்தது. லிஃப்டில் வந்தான். எழுந்து கதவுக்கு ஓடியது. பிறகு அவன் வீட்டுக்குள்ளேயே கதவோரத் தரையில் உள்ளங்கையைப் பதித்து உட்கார்ந்தான். லிஃப்ட் கீழ் மாடிகளில் நின்றபோது லேசான முனகல்தான். ஏழாவது மாடியில் நின்றபோது தரை ஒரு முறை நன்றாக அதிர்ந்து அடங்கியது. பூனை வந்து அவன் பக்கத்தில் நின்றது. கதவைத் திறந்தான். எதிர் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்தார்.

"உனக்காகன்னு நெனச்சியா? ஊருக்கே கதவுல போய் நிக்குது" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் பூனைக்கும் தனக்கும் ஒரே தொழில் என்று தோன்றியதில் அந்தச் சுருக்கம் நிலைக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா கூப்பிடும் முறையை மாற்றிக்கொண்டாள். தரையில் குதிகாலால் இரண்டு முறை உதைப்பாள். முதலில் பூனை சும்மா பார்த்தது. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு மீன் வைத்ததும், நாலே நாளில் எந்த அறையிலிருந்தாலும் ஓடிவந்தது. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. காரணமே இல்லாமல் உதைத்து உதைத்துக் கூப்பிட்டாள்.

அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே, ஆறாவது மாடியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தனியாக இருந்தார். நாள் முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறவர். ஒரு மத்தியானம் பொறுமை இழந்து, துடைப்பக் கட்டையால் தன் கூரையை இரண்டு முறை இடித்தார். மேலே, கூடத்தின் நடுவே தரை 'டம் டம்' என்றது. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பூனையோ பாய்ந்து போய், இடி வந்த இடத்தில் உட்கார்ந்து தரையையே முகர்ந்தது.

சாயங்காலம் அவனும் அக்காவும் மன்னிப்புக் கேட்கக் கீழே இறங்கிப்போனார்கள். விஷயத்தைச் சொன்னதும் மொழிபெயர்ப்பாளர் முறைப்பை மறந்துவிட்டார்.

"நான் தட்டினதுக்கா வந்துச்சு? மீன் எதுவும் காட்டாமலா?"

"ஆமாங்க. கால் மணி நேரம் அங்கேயே உக்காந்துருந்துச்சு" என்றாள் அக்கா.

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, "நீங்க மேல போய்ப் பாத்துச் சொல்லுங்க சார். இந்தத் தடவை ஜன்னல் பக்கமா தட்டறேன்" என்றார்.