தவிப்பு அடங்கும் அளவு

மூன்றாவது தலையணையை முதுகுக்குப் பின்னால் செருகியும் மாமனாருக்கு மூச்சு பிடிபடவில்லை. கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, பாரத்தோடு மேடேறும் வண்டியைப் போல மூச்சை இழுத்தார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். நுரையீரல் இனித் தேறாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகன் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தது மருமகள் மட்டும்தான்.

டாக்டரம்மா அவளை ஜன்னலோரம் அழைத்துப்போனார்.

"மயக்க மருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம்மா. தவிப்பு அடங்கும். ஆனா தூங்கிட்டார்னா, மறுபடி பேசுவார்னு சொல்ல முடியாது."

"அதுலயே உயிர் போயிடுமா டாக்டர்?"

"அந்த அளவுக்குக் கொடுக்க மாட்டோம். தவிப்பு அடங்குற அளவுக்குத்தான். நர்ஸ் பக்கத்துலயே இருந்து மூச்சைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க."

கணவனுக்குப் போன் போட்டாள்.

"நான் வர்ற வரைக்கும் வேணாம். ஒரு வார்த்தை பேசணும் அவர்கிட்ட" என்றான். பிறகு, "உனக்கென்ன, உன் அப்பாவா?"

அவள் கட்டிலில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். புதுசாக வந்தபோது அவள் தீய்த்துவைத்ததை எல்லாம் 'இதுதான் எனக்குப் பிடிச்ச பதம்' என்று தின்று தீர்த்தவர் அவர்.

"இப்பவே பேசுங்க. அவருக்குக் கேக்கும்" என்று போனை மாமனாரின் காதில் வைத்தாள். "அப்பா..." என்றதோடு அந்தப் பக்கம் குரல் நின்றுவிட்டது.

"வண்டிய... மெதுவா... ஓட்டச் சொல்லு" என்றார் கிழவர்.

டாக்டரம்மா குனிந்து கேட்டார். "ஐயா, ஊசி போட்டா தூக்கம் வரும். அப்புறம் முழிப்பு வராமலும் போகலாம். போடட்டுமா?"

அவர் தலையாட்டினார். மருமகளைப் பார்த்தார்.

"உன்னைத்தான்... திட்டுவான்."

"திட்டட்டும் மாமா."

நர்ஸ் அவர் கையிலிருந்த குழாய் வழியாக மருந்தைக் கொஞ்சம் செலுத்தினாள். மணிக்கட்டில் விரல் வைத்து, நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தாள். அப்புறம் இன்னும் கொஞ்சம். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. நெற்றிச் சுருக்கம் கலைந்தது. அவரோடு சேர்ந்து தானும் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் மருமகளுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் மகன் வந்தபோது மூச்சு விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. பையைக்கூடக் கழற்றாமல் காதருகே குனிந்து என்னவோ சொன்னான். மருமகள் வெளியே போய் நின்றாள். நர்ஸ் வந்து கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அவரேதான் சரின்னார்" என்றாள் கணவனிடம்.

அவன் அப்பாவின் கையைப் போர்வைக்குள் எடுத்துவைத்தான்.

ஆஸ்பத்திரி வண்டிக்காக வராந்தா பெஞ்சில் காத்திருந்தார்கள். அவள் வாங்கிவந்த டீயை அவன் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான். பாதி குடித்தான். மீதியை அவள் பக்கம் நீட்டினான்.

"நீ காலையிலேர்ந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டே."

டீ ஆறிப்போயிருந்தது. அவள் வாங்கிக் குடித்தாள்.