நடுவில் நின்ற புள்ளிகள்

ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையும் பார்க்கும் அண்ணியும் நாத்தனாரும் சண்டை போட்டதே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை அதுதான். எல்லாம் அண்ணன் போட்ட சட்டம். இருவரும் சாப்பாட்டு மேசையில் அணு, மூலக்கூறு என்று ஆரம்பித்து அவரை மறந்தே போன ஒரு நாள், வீட்டுக்குள் ஆபீஸ் வரக்கூடாது, ஆபீஸுக்குள் வீடு வரக்கூடாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வேலையிடத்தில் இவள் அவளை "மேடம்" என்பாள். அவளும் இவளை "மேடம்" என்பாள். கேட்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

வீட்டில் மட்டும் ஒரு சின்ன உரசல் உண்டு. அண்ணிக்கு வீட்டு வேலை என்றால் வேப்பங்காய். ஈரத்துண்டு நாற்காலியில் கிடக்கும், டப்பாவும் மூடியும் வேறு வேறு அறையில் இருக்கும். அவள் கழுவிக் கவிழ்த்த டம்ளரின் அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். நாத்தனாரோ துடைத்ததையே துடைக்கிற ஜாதி. அண்ணி கழுவிய டம்ளரை மறுபடி கழுவாமல் அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தது கிடையாது. அதை அண்ணியும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

அண்ணிக்கு மாடியில் ரசாயன மேசை. நாத்தனாருக்குக் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே அறை. அண்ணி வருஷக்கணக்காக ஒரு மருந்துப் பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெறும் பொடியாகவே விழுந்து உயிரை வாங்கிய அது, ஒருவழியாகப் படிகமாக வளர்ந்து கொடுத்தது. அதன் மூலக்கூறுக்குக் கை மாதிரி ஒரு கிளை உண்டு. சிலவற்றில் அது இடப்பக்கம் மடங்கியிருக்கும், சிலவற்றில் வலப்பக்கம். இரண்டு வகையும் படிகத்துக்குள் ஒழுங்காக மாறி மாறி நிற்கின்றன என்பது அண்ணியின் கட்சி. ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்தால் பொருள் தேறாது. வேலையை மூடிவிட்டு, இனி அடுத்தவர்களின் மாதிரிகளைச் சோதித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று இயக்குநர் முன்பே சொல்லியிருந்தார். எது உண்மை என்று எக்ஸ்ரேதான் சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரே எதையும் நேராகச் சொல்லாது. கதிர் படிகத்துக்குள் நுழைந்து, அடுக்கடுக்காக நிற்கும் அணுக்களில் பட்டு, திரையில் வெறும் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளும் எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் சொல்லும். உள்ளே அடுக்குகள் நெருங்கி நின்றால் திரையில் புள்ளிகள் விலகி விழும். உள்ளே விலகி நின்றால் இங்கே நெருங்கி விழும். தலைகீழ் அணிக்கோவை என்று புத்தகத்தில் அதற்குப் பெரிய பெயர். நாத்தனாருக்கு அது பழகிப்போன கோணல் புத்தி. எது சொன்னாலும் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்வாள்.

மாடியிலிருந்து வந்த படிகத்தை அவள் மெல்லிய இழையின் நுனியில் ஒட்டி, கதிருக்கு முன்னால் நிறுத்தினாள். திரையில் பளிச்சென்று புள்ளிகள் வரிசைகட்டி விழுந்தன. அவற்றுக்கு இடையே மங்கலாகச் சில புள்ளிகள் இருந்தன. படிகத்தின் மேல் வேறொரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் இப்படி வரும். அவள் மனதில் டம்ளர் வந்து நின்றது. யார் கை பட்டது, அழுக்கு ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று நினைத்தபடி, மங்கலானவற்றை ஒதுக்கச் சொல்லிக் கணினிக்கு உத்தரவு கொடுத்துவிட்டாள்.

கிடைத்த படத்தில் மூலக்கூறின் கை இரண்டு பக்கமும் பாதிப்பாதியாக, ஒன்றன்மேல் ஒன்று கலங்கித் தெரிந்தது. ஒழுங்கில்லாத கலவை என்று எழுதிக் கொடுத்தாள்.

கூட்டத்தில் இயக்குநர் அதைப் படித்துவிட்டு, எக்ஸ்ரேயில் தவறு இருக்க வாய்ப்பு உண்டா என்று பொதுவாகக் கேட்டார். பதில் அண்ணியிடமிருந்து வந்தது.

"அவங்க எடுத்த படம் சார். அதுல தப்பு இருக்காது. கோளாறு என் பொருள்லதான்."

குரலில் குத்தல் இல்லை. மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டு வேலையை முடித்துவிடலாம் என்றார் இயக்குநர்.

அண்ணி மட்டும் சண்டைக்கு வந்திருந்தால் நாத்தனாரும் வரிந்துகட்டிக்கொண்டு நின்றிருப்பாள். இப்படி நம்பிவிட்டதுதான் அவளை உறுத்தியது. மனசு கேட்காமல், இன்னொரு படிகம் கேட்டு மாடிக்குப் போனாள். படிகங்கள் வைத்த தட்டு வழக்கமாக லிஃப்டில் கீழே வந்துவிடுமாதலால், அண்ணியின் மேசைப் பக்கம் அவள் போனதே இல்லை. அங்கே கண்ணாடிக் குடுவைகள் ஒரு கைரேகை இல்லாமல் மின்னின. ஒவ்வொன்றின் மேலும் அதனதன் மூடி இருந்தது. அவற்றைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அண்ணி, எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஒரு படிகத்தை எடுத்துக் கொடுத்தாள். நாத்தனாருக்குச் சுருக்கென்றது.

இந்த முறை எதையும் ஒதுக்காமல், கதிரை நிதானமாக நெடுநேரம் பாயவிட்டாள். மங்கல் புள்ளிகள் மறுபடி வந்தன. இரண்டு பிரகாசமான புள்ளிகளுக்குச் சரியாக நட்டநடுவில் ஒன்று. அடுத்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வரிசை முழுக்க அப்படியே. ஒட்டிய அழுக்காக இருந்தால் கண்ட இடத்தில் விழுந்திருக்கும், இப்படி அளவெடுத்து நிற்காது. திரையில் இடைவெளி பாதியானால், படிகத்துக்குள் அது இரட்டிப்பு என்று அர்த்தம். ஒரு மூலக்கூறு அகலத்தில் திரும்பத் திரும்ப வருவதாக அவள் எடுத்துக்கொண்ட கட்டம், உண்மையில் இரண்டு மூலக்கூறு அகலம். திருத்திக் கணக்கிட்டதும் கலங்கல் மாயமாய் மறைந்தது. இடக்கை, வலக்கை, இடக்கை, வலக்கை என்று, அண்ணி சொன்னபடியே நின்றன. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. அவமானம் ஒரு பிடி அதிகம்.

அன்று மாலை வீட்டுச் சமையலறையில், அண்ணன் வரும் முன்பே சட்டத்தை மீறினாள். படத்தை அண்ணியின் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தப் புள்ளியெல்லாம் முதல் தடவை தெரியலையா?"

இயந்திரம் பழசு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். யாரும் துருவப் போவதில்லை.

"தெரிஞ்சுது அண்ணி. நீங்க தொட்டதுதானே, அழுக்கு ஒட்டியிருக்கும்னு விட்டுட்டேன்."

அண்ணியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. குழாயடியில் கிடந்த டம்ளரை எடுத்துத் தேய்த்தாள்.

"நானும் யோக்கியமில்ல. நீ ஒரு ஸ்பூனை நாலு தடவை துடைக்கறதைப் பார்த்துப் பார்த்து, உன் வேலையில தப்பே வராதுன்னு இருந்துட்டேன். வேற யாராவது எடுத்த படமா இருந்தா, இன்னொரு தடவை எடுங்கன்னு மல்லுக்கு நின்னிருப்பேன். இத்தனை வருஷ உழைப்பை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாம விட்டுக்கொடுத்துட்டு வந்திருக்கேன் பாரு."

அண்ணன் போட்ட சட்டத்தை வாயளவில்தான் காப்பாற்றினோம், மனசுக்குள் வீடு ஆபீஸ் வரை வந்துவிட்டது என்று இருவருக்கும் உறைத்தது. அண்ணன் வந்து என்ன விஷயம் என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்று சேர்ந்தாற்போலச் சொன்னார்கள்.

மறுநாள் கூட்டத்தில் நாத்தனார் எழுந்து நின்றாள். புதுப் படத்தைக் காட்டி, புள்ளிகளை முதலிலேயே பார்த்ததையும், தானே ஒதுக்கியதையும் சொன்னாள். ஏன் ஒதுக்கினீர்கள் என்று இயக்குநர் கேட்டார்.

"அண்ணி கொடுத்த படிகம்கிறதால சார்" என்றாள். அந்தக் கட்டடத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் முறை. இயக்குநருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபமாக எதையோ முணுமுணுத்துவிட்டு, வேலையை மூடக் கையெழுத்துக்கு வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டார்.

அண்ணி மாடிக்குப் போய்க் குடுவைகளை மறுபடி வெளியே எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த நாத்தனாருக்கு நல்ல தாகம். கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்தாள். அண்ணி கழுவியதுதான், அடியில் லேசாக ஏதோ ஒட்டியிருந்தது. அடுப்பருகே நின்ற அண்ணி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் குழாய்ப் பக்கம் போகாமல், அதிலேயே தண்ணீர் ஊற்றிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.