இடுப்பு என்று சொன்ன இடம்

ரமாபாய் "இடுப்பு வலிக்குதுக்கா" என்று சொன்னபோது எத்தனை நாளாக என்று கேட்டேனே தவிர, எங்கே என்று கேட்கவில்லை. எங்கள் வியாசர்பாடி ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் நான் ஒருத்திதான். உடம்பில் இருநூற்றாறு எலும்பையும் மனப்பாடம் செய்து வாங்கிய சான்றிதழ், சங்கமித்ரா என்ற என் பெயரோடு சுவரில் தொங்குகிறது. அந்தத் திமிர் வேறு.

நம் ஊரில் இடுப்பு வலி என்றால் முதுகின் அடிப்பக்கம். குடம் தூக்கினாலும் அங்கேதான், பிள்ளை பெற்றாலும் அங்கேதான். ஆகவே முதுகுக்கான பயிற்சிகளைக் கொடுத்தேன், தைலம் தேய்த்துவிட்டேன். "ஓட்டத்த மட்டும் நிறுத்தாத" என்றும் சொன்னேன். அதற்காகத்தான் என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

அவள் காவலர் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். மூன்று வருஷ முயற்சி. அடுத்து மைதானத்தில் ஓடிக் காட்டினால் வேலை; இல்லாவிட்டால் பழையபடி மாத்தூர் குடோனில் பெட்டி ஒட்ட வேண்டும். மூலக்கொத்தளம் சுடுகாட்டுச் சுவரை ஒட்டிய சிமென்ட் ரோட்டில் காலையும் மாலையும் ஓடினாள். உடம்பு லேசாக இருக்கட்டும் என்று ராத்திரிச் சோற்றையும் விட்டிருந்தாள்.

நான் தைலம் தேய்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து, ஜிம்முக்குள் வரும்போது வலது காலை இழுத்தாள். முதுகுவலிக்காரி அப்படி நடக்கமாட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒத்த விரலால தொட்டுக் காட்டு. எங்க வலிக்குது?"

அவள் சுற்றிப் பார்த்தாள். பெஞ்சில் எங்கள் தெருப் பையன் வெற்றி எடை தூக்கிக்கொண்டிருந்தான். கூட நாலு ஆண்கள். "அதான் சொன்னேனேக்கா, இடுப்பு."

உடை மாற்றும் அறைக்குள் அழைத்துப்போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அவள் விரல் முதுகுக்குப் போகவில்லை. முன்பக்கம், தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் போய் நின்றது.

"இத்த ஏன்டி மொதல்லயே சொல்லல?"

"தொடை இடுக்குன்னு அவங்க முன்னாடி எப்டிக்கா சொல்றது? கலீஜா இருக்காது?"

கோபம் வந்தது, ஆனால் அவள்மேல் இல்லை. இங்கே வரும் பெண்களிடம் நானே 'அந்த எடம்' என்றுதான் பேசுகிறேன். சான்றிதழில் இருக்கும் தைரியம் வாயில் இல்லை.

"மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

"மூணு மாசமா இல்ல. ஓட்டத்துக்கு அதுவும் நல்லதாப் போச்சுன்னு வுட்டுட்டேன்."

சோறு குறைந்து ஓட்டம் கூடினால் உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும்; பிறகு எலும்பில் கை வைக்கும். தொடை எலும்பு இடுப்போடு சேரும் குறுகலான கழுத்து அந்த மடிப்புக்கு உள்ளே ஆழத்தில் இருக்கிறது. ஓடும்போது முழுப் பாரமும் அதன்மேல் இறங்குகிறது. வெறும் சதைப்பிடிப்பாகவும் இருக்கலாம். விரிசலாக இருந்தால், இன்னொரு ஓட்டத்தில் முறிந்துவிடும்.

"இனிமே ஓடாத. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"பதினோரு நாள்ல கிரவுண்டு கீதுக்கா! நீதான ஓட்டத்த நிறுத்தாதன்னு சொன்ன?"

"சொன்னேன். தப்பா சொன்னேன். எங்க வலிக்குதுன்னு கேக்காம சொன்னேன்."

அவள் என்னை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சுவரில் சாய்ந்து அழுதாள். நானும்தான்.

ஸ்கேனில் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தது. முறிவதற்குள் வந்தீர்களே என்றார் டாக்டர்; ஒன்றரை மாதம் அந்தக் காலை ஊன்றக் கூடாது. மைதானத்தில் அவள் எண்ணைக் கூப்பிட்ட நாளில் அவள் வீட்டில் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் ஊன்றுகட்டையோடு ஜிம்முக்கு வந்தாள். வெற்றி எடையைக் கீழே வைத்தான்.

"இன்னா ரமா, இடுப்பு எப்டி கீது?"

நான் முந்திக்கொண்டேன். "பரவால்லடா, இடுப்புதான..."

"இடுப்பு இல்ல," என்றாள் ரமாபாய், ஜிம்முக்கே கேட்கும்படி. "தொடை இடுக்கு. அங்க எலும்பு விரிசல் வுட்டுப்போச்சு. வாயத் தொறந்து சொல்லாததால என் வேலையும் பூட்ச்சு."

யாரும் சிரிக்கவில்லை. யாரோ பாட்டை நிறுத்தினார்கள். மூலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த சொக்கம்மாள், இடுப்பு வலி என்று போன மாதம் சேர்ந்தவர், மெதுவாக இறங்கி என்னிடம் வந்தார்.

"மித்ரா, நானும் இடுப்புன்னு சொன்னேன்ல?" என்றார். "அது இடுப்பு இல்ல."

"எங்க வலிக்குதுக்கா?" என்று கேட்டேன்.