கண்ணாடிக் கதவுக்கு வெளியே

'வீல்' என்று அலமாரிக்குள்ளிருந்து ஒரு சத்தம். அம்மாவின் துணிகளை எடுத்துக்கொண்டிருந்த மகள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து அண்ணன் ஓடிவந்தான். குக்கரை எப்போதோ இறக்கிவிட்டேனே, இது எங்கேயிருந்து விசில் என்று கேட்டான்.

குக்கர் இல்லை. போர்வை மடிப்புக்குள் அம்மாவின் காது மிஷின். போன வாரம் ஆஸ்பத்திரியில் அம்மா கண்ணை மூடியதும் அவள் காதிலிருந்து கழற்றிய யாரோ, அதை அணைக்காமலே துணியோடு சுருட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கை பட்டு அமுங்கியதும் கத்திவிட்டது. அம்மா உள்ளங்கையில் வைத்து மூடினாலும் இப்படித்தான் கத்தும். என் பிள்ளைகளைவிட இதுக்கு வாய் ஜாஸ்தி என்பாள் அம்மா. அதை நினைத்து அண்ணன் சிரித்தே விட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மிஷின்தான் இத்தனை நாளும் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

அம்மா கீழே விழுவதற்குச் சில நாள் முன்பு அண்ணன் வந்திருந்தான். அம்மாவை இனி யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. குழந்தை காதில் விழ வேண்டாமென்று பால்கனியின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்கள். வெளியே அம்மாவும் பேத்தியும் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டில் மாடிப்படி ஏற வேண்டும், மனைவிக்கு ஷிப்ட் வேலை என்றான் அண்ணன். பல் கிளினிக்கில் காலையிலிருந்து இரவுவரை நிற்கிறவள் நான், எனக்கு மட்டும் என்ன தலையெழுத்தா, நீ கூட்டிக்கொண்டு போ என்று இவள் கத்தினாள். என்னால் முடியாது, விட்டுவிடு என்று அவனும் கத்தினான்.

நல்லவேளை, அப்போது அம்மாவின் காதில் மிஷின் இல்லை. மறுநாள் வழக்கம்போல எழுந்து பேத்திக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, மகளின் பையில் தண்ணீர் பாட்டிலைச் செருகினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காதில் விழுந்திருந்தால் அப்படி இருந்திருக்க முடியுமா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் தூங்கினாள்.

அம்மாவின் காது போனதே அவர்களால்தான். அப்பா செத்த பிறகு நெசவு மில்லில் சேர்ந்தாள். தறிகளின் இரைச்சலில் நின்றே இரண்டு பேரையும் படிக்க வைத்தாள். பேத்தி பிறந்ததும், நீ வேலையை விடாதே, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மில்லை விட்டுவிட்டு வந்து நின்றாள். வந்தவள் அப்புறம் தனக்கென்று எங்கும் போகவில்லை.

வாசல் மணி அடித்தது. அம்மாவோடு மில்லில் வேலை பார்த்தவள். மூணாம் தறியில் நின்றவள் என்பதால் அம்மா அவளை 'மூணாம் தறி' என்றுதான் சொல்வாள். மூணாம் தறி உட்காரும்போதே அழுதாள், காபி வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மில் கதை பேசினாள். தெருவுக்கே கேட்கிற குரல். அந்த இரைச்சலில் எப்படித்தான் வேலை செய்தீர்களோ, ஒருவரோடொருவர் பேசக்கூட முடியாதே என்று அண்ணன் மரியாதைக்குக் கேட்டு வைத்தான்.

"பேசாம இருப்போமா தம்பி? உதட்டைப் பாத்தே எல்லாம் பேசிக்குவோம். உங்கம்மா அதுல பெரிய கில்லாடி. சூப்பர்வைசர் கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து யாரைத் திட்டுறான்னு தறியில நின்னுக்கிட்டே சொல்லுவா. அவன மாதிரியே வாயைக் கோணிக் காட்டுவா பாரு, சிரிக்கிற சிரிப்புல எங்களுக்கு நூல் அறுந்தாலும் தெரியாது."

அண்ணனின் கையில் காபி ஆறியது. மூணாம் தறி இன்னும் என்னென்னவோ சொன்னாள். எப்போது எழுந்து போனாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

மிஷின் இல்லாதபோதும் அம்மா சில சமயம் சரியாகப் பதில் சொல்வாள். நம் மனசு அம்மாவுக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

"வயசான கண்ணு. அவ்வளவு தூரம் எங்க தெரிஞ்சிருக்கப் போவுது" என்றான் அண்ணன்.

"கண் ஆபரேஷன் பண்ணி வெச்சதே நீதானேண்ணா."

இனி கேட்க ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவளுடைய பத்து வயது மகள் பால்கனியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பாட்டியிடமிருந்து என்னவெல்லாம் தெரிந்துகொண்டாளோ, இத்தனை நாளும் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ. அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போய்க் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு மாமா வந்து நாங்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது பாட்டி ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள்.

குழந்தை பென்சிலை நிறுத்தாமலே பதில் சொன்னது.

"எதுக்குப் பாட்டி சண்டை போடறாங்கன்னு நான்தான் கேட்டேன். பாட்டி கொஞ்ச நேரம் உங்க ரெண்டு பேர் வாயையே பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, 'நான் யார் வீட்ல இருக்கணும்னு ரெண்டு பேருக்கும் போட்டிடி, ஒருத்தரும் விட்டுக்குடுக்க மாட்டேங்கறாங்க'ன்னு."