பூ வைக்க வந்த அன்று

என் தங்கை மணிமொழிக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பு. விக்கிரமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது ஒன்றுதான் குறை. "பல்லுக்குக் கம்பி போட்டுட்டீங்கன்னா பூ வச்சுடலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவங்க புள்ளை மட்டும் என்ன பெரிய மன்மதனா? ஆனால் மணிக்கு மாப்பிள்ளை திருமுருகனைப் பிடித்துப்போயிருந்தது. "நீ பேசாம இரு அக்கா, நான் போட்டுக்கறேன்" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

அரியலூரில் பல் டாக்டர் கம்பி போட்டார். "பல்லு நகர ஆரம்பிக்கறப்ப ஈறு வீங்கும், ரத்தம் கசியும். அதுக்குப் பயந்துகிட்டுத் துலக்குறதை மட்டும் நிறுத்திடாதம்மா, அழுக்கு சேந்தா இன்னும் மோசமாயிடும்" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

ஈறு சிவந்து வீங்கிப்போனது. கஞ்சி குடிக்கக்கூட அழுதாள். பிரஷ்ஷை வைத்தால் வாயெல்லாம் ரத்தம். பூ வைக்கிற நாள் நெருங்கியதும் அம்மாவுக்கு உதறல் எடுத்துவிட்டது. "அன்னைக்குன்னு பாத்து ரத்தம் வந்து தொலைச்சா என்னடி பண்றது? பிரஷ்ஷைத் தொடாத, வாயைக் கொப்புளிச்சா போதும்" என்றாள். நான் கத்தினேன், யார் கேட்டார்கள்? மணியும் அம்மா பக்கம். கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு.

பூ வைக்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாமியாராகப் போகிறவர்தான் பெண்ணின் தலையில் பூ வைத்து, தன் கையாலேயே சர்க்கரை ஊட்டுவார். அந்த அம்மாளும் ஊட்டினார். விரல் ஈறில் பட்டிருக்கும்போல. எடுத்த விரலில் ரத்தம். மணியின் உதட்டிலும் ரத்தம்.

"நல்ல காரியத்துல ரத்தமா? வேணாங்க, எங்களுக்கு மனசு ஒப்பல" என்று அந்த அம்மாள் எழுந்துவிட்டார். "கம்பியாலதாங்க, டாக்டரே சொன்னாருங்க" என்று எங்கள் அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"கம்பி போடச் சொன்னதே நீங்கதானே!" என்று நான் பாய்ந்தேன்.

திருமுருகன் குனிந்த தலை நிமிராமல் தன் அம்மா பின்னாலேயே போய் வேனில் ஏறினான்.

மணி அழவில்லை. காலையும் இரவும் பக்கத்தில் நின்று அவளைத் துலக்க வைத்தேன். அடுத்த முறை போனபோது டாக்டர் பார்த்துவிட்டு, "ஈறு வீக்கம் நல்லா வத்திடுச்சும்மா. பல்லும் அழகா நகருது" என்றார்.

"இப்பக் கம்பியை எடுத்துட்டா பல்லு பழைய எடத்துக்கே போயிடுமா சார்?" என்று மணி கேட்டாள்.

"போயிடும்மா. அதனாலதான் பாதியில எடுக்கக் கூடாதுங்கறது."

"அப்ப எடுத்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.