குற்றவாளி நாற்காலியில் டில்லி

குற்றவாளி நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்ததும் லோர்னா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பத்து வயசுப் பெண். தொளதொளவென்று வெள்ளி நிறச் சட்டை, இரட்டைச் சடை, முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தை முதல் சம்பளம் வாங்கிய கையோடு பல் டாக்டரிடம் போய் அடைத்துக்கொண்டவள் லோர்னா. ஆமாம், படத்தில் இருந்தது அவளேதான். அந்த அறையில் இருந்த ஒருத்தருக்கும் அது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டிருந்த டங்கனுக்கும் தெரியாது.

‘விளக்குக் கப்பல்’ தொடரைத் தெரியாத வீடு இங்கிலாந்தில் கிடையாது. நட்சத்திரங்களுக்கு நடுவே நங்கூரம் போட்டு நிற்கிற ஒரு கப்பல். வழிதவறி வருகிறவர்களுக்கு விளக்குக் காட்டுகிற ஒரு குடும்பம். அவர்களை விழுங்க வருகிற சாம்பல் மனுஷர்கள். ஐம்பது வருஷமாக இதே கதைதான். கேப்டன் வேஷக்காரர் மாறுவார், பிள்ளைகள் வளர்ந்து போவார்கள், கப்பல் மட்டும் அங்கேயே நிற்கும். சனிக்கிழமை சாயங்காலமானால் ரொட்டி மேல் பீன்ஸைக் கொட்டிக்கொண்டு அப்பா, அம்மா, பிள்ளை எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

அதில் இரண்டு வருஷம் டில்லி என்கிற சிறுமியாக வந்தவள் லோர்னா. லூலூ டீன் என்று அம்மா வைத்த சினிமாப் பெயரோடு. ஒவ்வொரு வாரமும் “கேப்டன், எனக்குப் பயமா இருக்கு!” என்று கீச்சுக்குரலில் கத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்காக ஊரே அவளைக் கரித்துக் கொட்டியது. பள்ளிக்கூடத்தில் சடையைப் பிடித்து இழுத்து அதே வசனத்தைச் சொல்லச் சொன்னார்கள். பன்னிரண்டு வயசில் நடிப்புக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டாள்.

டங்கனிடம் இதை முதல் நாளே சொல்லியிருக்கணும். அவனுக்கு அந்தத் தொடர் என்றால் உயிர் என்று தெரிந்ததும் நாக்கு எழவில்லை. அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நேற்று ராத்திரி அவன் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே, கையெல்லாம் சோப்பு நுரையோடு, “என்னைக் கட்டிக்கிறியா?” என்று கேட்டுவிட்டான் மனுஷன். “நாளைக்கு உன் கிளப்புக்குப் போயிட்டு வந்து சொல்றேன்” என்றாள். மனசுக்குள் முடிவு பண்ணியாயிற்று. முதலில் டில்லி கதையைச் சொல்வது, அப்புறம் சரி என்பது. இப்படி அவள் படத்தையே நாற்காலியில் உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பார்கள் என்று யார் கண்டது!

ஹல் நகரத்தில், மதுக்கடை மாடியில், தொடரின் ரசிகர்கள் மாதம் ஒரு தரம் கூடுகிற கூட்டம் அது. நவம்பர் மாதம் மட்டும் ‘விசாரணை’. தொடரில் வந்த ஒன்றைக் குற்றவாளியாக்கி, ஒருத்தர் சாட, ஒருத்தர் காக்க, கை தூக்கித் தீர்ப்பு. குற்றம் நிரூபணமானால் கீழே மதுக்கடையில் குட்டி ஈட்டி எறிந்து விளையாடுகிற பலகையில் ஒரு வருஷத்துக்குப் படத்தை ஒட்டிவிடுவார்கள். குடிக்க வருகிறவனெல்லாம் மூக்கைக் குறி பார்ப்பான்.

நீதிபதி கிளைவ், நிஜத்தில் தபாலாபீஸில் கடிதம் பிரிக்கிறவர். தரை துடைக்கிற மாப்பின் வெள்ளை நூலை இங்கிலாந்து நீதிபதிகளின் டோப்பா மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டு மேசையைத் தட்டினார்.

“குற்றவாளி டில்லி! குற்றச்சாட்டு, நல்லா ஓடிக்கிட்டிருந்த கப்பலைக் கவுத்தது. சாடறவர் டங்கன். காக்க வேண்டிய ஆளு காய்ச்சல்ல படுத்துட்டாராம்.”

“காய்ச்சலா? பயம்!” என்றான் டங்கன். அறை சிரித்தது.

“போலாமா?” என்று லோர்னா அவன் காதோரம் சொன்னாள். “தலை வலிக்குது.”

“பத்தே நிமிஷம், கண்ணு. இதைப் பாரு, வயிறு வலிக்கச் சிரிப்பே.” எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

சும்மா சொல்லக் கூடாது, வெளுத்து வாங்கினான். வீட்டில் வார்த்தைக்கு வார்த்தை யோசித்துப் பேசுகிறவன் இங்கே வந்ததும் வேற ஆளாகிவிட்டான்.

“ஐம்பது வருஷமா இதை ஏன் பாக்கறோம்? சொல்லுங்க. அட்டைப்பெட்டி ராட்சசனுக்காகவா?”

“ஆமா!” என்றது ஒரு குரல்.

“நீ உக்காரு. அறிவுக்காக, ஐயா! துப்பாக்கி இல்லாம, புத்தியை வெச்சே ஒருத்தர் ஜெயிக்கிறாரே, அதுக்காக. அந்தக் கேப்டன் பக்கத்துல கொண்டுவந்து இந்தக் குட்டிச் சைரனை நிறுத்தினா? அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள இது திறந்துடும். சாம்பல் மனுஷன் வந்தா கத்தும், வரலேன்னாலும் கத்தும், கதவு சாத்தினாலும் கத்தும்!”

“எங்க வீட்டு நாய் எழுந்து வெளிய போயிடும்” என்றார் கிளைவ்.

“நாய்க்குத் தெரிஞ்சது தயாரிப்பாளருக்குத் தெரியல பாருங்க!”

கடைசி வரிசையில் பெரில் மட்டும் சிரிக்கவில்லை. எழுபதைத் தாண்டியவள், நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். மடியில் கம்பளி நூலும் ஊசியுமாக இருந்தாள். “அறிவாம் அறிவு” என்று முணுமுணுத்தாள். “எம் பசங்க சோபாவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டுப் பாத்தாங்க. அறிவுக்கா ஒளிஞ்சாங்க? பயந்து நடுங்கறதுல ஒரு சொகம், பக்கத்துல அம்மா இருக்கறதுல ஒரு சொகம். அதுக்குத்தான் பாத்தாங்க.”

“சாட்சிக்கு இன்னும் நேரம் வரல, பெரில்” என்று கிளைவ் மேசையைத் தட்டினார்.

லோர்னா கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் அவள் கேட்டுச் சலித்தவைதான். முப்பது வருஷப் பழசு, உறைக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்போதுதான் கிளைவ், “டங்கா, அந்த லீட்ஸ் கதையைச் சொல்லு!” என்றார். அறை முழுக்க, “லீட்ஸ்! லீட்ஸ்!” என்று மேசையைத் தட்ட ஆரம்பித்தது.

லோர்னா வாசல் கதவைப் பார்த்தாள்.

“எனக்குப் பதினஞ்சு வயசு” என்று டங்கன் ஆரம்பித்தான். நூறு தடவை சொல்லிப் பழகிய கதை என்று குரலிலேயே தெரிந்தது. “லீட்ஸ்ல ஒரு ஓட்டல், ரசிகர் மாநாடு. ஐந்நூறு பேர். கேப்டன் வருவார்னு காத்துக்கிட்டிருக்கோம். திரை விலகுது. யாரு? டில்லி! அதே வெள்ளிச் சட்டை. மைக்கைப் புடிச்சுக்கிட்டு, ‘எல்லாருக்கும் வணக்கம்’. சபை அப்படியே உம்முன்னு இருக்கு. நான் எழுந்து நின்னேன். தொடர்ல வேண்டாதவனை வெளிய தள்ளறப்போ கேப்டன் சொல்வாரே, அதை ஓங்கிச் சொன்னேன். ‘கதவைத் திற!’”

“கதவைத் திற!” என்று அறை எதிரொலித்தது.

“மொதல்ல நாலு பேரு. அப்புறம் நாப்பது. அப்புறம் ஐந்நூறு பேரும்! கதவைத் திற, கதவைத் திறன்னு கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. அது முழிச்சுது பாருங்க, திருவிழாவுல தொலைஞ்ச மாதிரி! யாரோ வந்து தூக்கிக்கிட்டுப் போனாங்க. அதோட தொடர்லேயும் ஆளைக் காணோம். கப்பலைக் காப்பாத்தினது யாரு? ஐயாதான்!”

கைதட்டலும் விசிலும். லோர்னாவின் காதுக்குள் அது இரண்டு சத்தமாகக் கேட்டது, இன்றைய சத்தமும் அன்றைய சத்தமும். அந்தக் கூட்டத்தில் முதலில் எழுந்து நின்றவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை, மேடை விளக்கில் கண் கூசியது. அந்தக் குரலை மட்டும் எத்தனையோ நாள் தூக்கத்தில் கேட்டு விழுந்தடித்து எழுந்திருக்கிறாள். அந்தக் குரலா நேற்று சோப்பு நுரையோடு அவளிடம் அப்படிக் கேட்டது? பாவி மனுஷன்!

“காக்கறதுக்கு யாராவது உண்டா?” என்றார் கிளைவ். “ஒருத்தரும் இல்லேன்னா நேரா தீர்ப்புதான்.”

“நான் இருக்கேன்” என்று லோர்னா எழுந்தாள்.

டங்கன் குஷியாகிவிட்டான். “பாத்தீங்களா! என் ஆளு! வாங்க அம்மா, வந்து மோதுங்க!”

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். படத்தைத் தொடவில்லை.

“இது குடும்பத் தொடர்தானே? பெரியவங்க மட்டும் பாக்கறதுன்னா ராத்திரி போட்டிருப்பாங்க. சாயங்காலம் போட்டாங்க. வீட்டுல எட்டு வயசுப் பிள்ளை சோபாவுக்குப் பின்னால இருக்கு. பயமா இருக்குன்னு சொன்னா அண்ணன் கிண்டல் பண்ணுவான். அதனால அதுக்குப் பதிலா டிவிக்குள்ள ஒரு பொண்ணு சொன்னா. அவ சொல்லிட்டதால இது சொல்ல வேண்டியதில்லை. கேப்டனோட அறிவு உங்களுக்கு. டில்லி அந்தப் பிள்ளைக்கு.”

“அடி சக்கை!” என்றாள் பெரில், ஊசியை நிறுத்திவிட்டு.

“ஆனா அந்தக் குரல்?” என்றான் டங்கன் சிரித்தபடி. “அதுக்கு என்ன சமாதானம்?”

“அது அவ குரல் இல்ல. அவ மெதுவாத்தான் சொல்லிப் பாத்தா. போதாது, கத்துன்னாங்க. தொண்டை கட்டினப்போ வெந்நீர்ல தேனைக் கலந்து குடுத்து மறுபடி கத்துன்னாங்க.”

“இதெல்லாம் எந்தப் பேட்டியில வந்துது?” கிளைவ் மாப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். “நான் படிக்காத பேட்டியே கிடையாதே.”

“பேட்டியில வரல. நான்தான் டில்லி.”

பெரில் படத்தைப் பார்த்தாள், லோர்னாவைப் பார்த்தாள், “கடவுளே” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். டங்கன் முகத்தில் ஈயாடவில்லை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. சாம்பல் மனுஷன் வந்தால்கூட அந்த ஜனங்கள் அப்படி எழுந்து ஓடி வந்திருக்க மாட்டார்கள். லோர்னாவைச் சுற்றி வளைத்துக்கொண்டு, “லூலூ டீனா? நிஜமாவா?”, “மூணாம் பாகத்துல கேப்டன் கைக்கட்டு இடது கையிலிருந்து வலது கைக்கு ஏன் மாறுது?”, “இந்தச் சட்டையில ஒரு கையெழுத்து!” ஒரு பையன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒரே ஒரு தடவை அந்த வசனத்தைச் சொல்லுங்களேன், பிளீஸ்” என்றான். அஞ்சு நிமிஷம் முன்னால் கதவைத் திறக்கச் சொன்ன அதே வாய்கள்!

“தீர்ப்பு சொல்லுங்க” என்றாள் லோர்னா.

“ஐயோ, அதெல்லாம் சும்மா தமாஷு” என்று கிளைவ் மாப்பை அவசரமாகக் கழற்றினார்.

“நான் இல்லாதப்போ தூக்கற கையை நான் இருக்கறப்போ தூக்குங்க. டில்லி குற்றவாளிங்கறவங்க யாரு?”

ஒருத்தரும் அசையவில்லை. எல்லாரும் தரையில் எதையோ தேடினார்கள். அந்த மரியாதை அவளுக்குக் கேலியைவிடக் கேவலமாக இருந்தது.

ஒரே ஒரு கை எழுந்தது. பெரிலுடையது.

“பாத்திரம் படு மோசம், கண்ணு” என்றாள். “எழுதினவனைக் கட்டி வெச்சு உதைக்கணும். நான் அதுக்குத்தான் கை தூக்கறேன். ஆனா பச்சைப் பிள்ளையை மேடையில நிக்க வெச்சு ஊரு கூடிக் கத்தினது வேற. அதுக்குக் கை தூக்கச் சொன்னா இங்க நிறைய பேரு தூக்கணும்.”

லோர்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முப்பது வருஷத்தில் யாரும் அவளிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. பெரிலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, டங்கன் பக்கம் திரும்பினாள்.

“எனக்குத் தெரியாது, லோர்னா” என்றான் அவன். “சத்தியமா நீதான்னு தெரியாது.”

“நான்னு தெரியாது, சரி. நான் ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு எங்கம்மா சொன்னா, தயாரிப்பாளர் சொன்னார், அப்புறம் டாக்டர்கூடச் சொன்னார். அவங்க டில்லியைப் பாத்துத்தான் கத்தினாங்க, உன்னைப் பாத்து இல்லன்னு. நான் அதை நம்பித்தான் இத்தனை நாள் இருந்தேன். நீ முன் வரிசையா?”

“ரெண்டாவது.”

“நான் அழுதது தெரிஞ்சுதா?”

அறையே அவன் வாயைப் பார்த்தது. தெரியல என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. விளக்கு, கூட்டம், சின்ன வயசு, என்ன வேணுமானாலும் சொல்லலாம், அவளும் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். நம்ப வேண்டும் என்று தவித்தாள்.

டங்கன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

“தெரிஞ்சுது” என்றான். “மூக்கைச் சட்டைக் கையால துடைச்சே. அதைப் பாத்துட்டுத்தான் இன்னும் ஓங்கிக் கத்தினேன். அதுவரைக்கும் எனக்குத் திக்குவாய், லோர்னா. அன்னைக்குத்தான் ஒரு கூட்டம் என் பின்னால வந்துது. நிறுத்த மனசு வரல. இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். இதை மட்டும் சொன்னதில்ல.”

கிளைவ் மாப்பு நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

லோர்னா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான் துளைக்குள் போகமாட்டேன் என்றது, இரண்டு தரம் முயன்று விட்டுவிட்டாள். பொய் சொல்லியிருந்தால் கல்யாணம். உண்மையைச் சொல்லித் தொலைத்தானே! ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் அவன் முகத்தில் இனி விழிக்கவே முடியாது என்பதும் அவளுக்கு அப்போதே தெரிந்துதான் இருந்தது.

மாடிப்படியின் மேல்படியில் நின்று திரும்பினாள். அவன் இருந்த இடத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

“என்ன நிக்கறே? வந்து வண்டியை எடு” என்றாள். “நேத்து நீ கேட்டதுக்கு இன்னைக்குப் பதில் இல்ல. எப்போன்னும் கேக்காதே. என்னைக் கொண்டு போய் விடு. உன் வீட்டுல இல்ல, என் வீட்டுல.”