முப்பத்தோராவது பதிவு

மாலை வகுப்பு முடிந்ததும் ஜோஸ்லின் மேடம் ஆய்வு நிதி விண்ணப்பத்தின் ஒரு பகுதியை என்னிடம் தந்தார். சேகரிக்கும் தகவலை எங்கே வைப்போம், யாரோடு பகிர்வோம், எப்போது அழிப்போம் என்று எழுத வேண்டும். எங்கள் குழுவின் பழைய ஆய்வில் சிங்காநல்லூர் மில் தொழிலாளர்கள் பேசிய நாற்பத்துமூன்று ஒலிப்பதிவுகள் இருந்தன. ‘எழுத்தாக்கியாயிற்று, ஒலி அழிக்கப்படும்’ என்று எழுதினேன். சரிதானா என்று மூன்று முறை படித்தேன்.

மறுநாள் வகுப்பு வாசலில் ஓர் அம்மாள் நின்றார். பெயர் மாரியாத்தாள்.

“ஏனுங்க அம்மணி, எங்கூட்டுக்காரரு கருப்புசாமி உங்க மிசின்ல பேசுனாருங்க. தவறி எட்டு மாசமாச்சு. ஊட்டுல போட்டோ இருக்குது, சத்தந்தான் இல்லீங்க.”

“பதிவுல இருந்து பேரையெல்லாம் எடுத்துட்டோமுங்க. நம்பர்தான் இருக்குது.”

“மில்லுலதான் முப்பத்தஞ்சு வருசம் டோக்கன் நம்பரு. இங்கயுமா?” என்று சிரித்தார்.

ஆய்வுக்குழுவில் இருப்பதால் ஒலிப்பதிவுகளை நான் கேட்கலாம். அவர் கேட்கக் கூடாது. நான்கு மாலைகள் வரிசையாகக் கேட்டு, நிமிடக் கணக்கோடு நோட்டில் குறித்தேன். எல்லோருக்கும் அதே பஞ்சுத் தூசி, அதே இருமல். முப்பத்தோராவது பதிவில் ஒரு பெண் குரல் குறுக்கிட்டது.

“காப்பி ஆறுதுங்க.”

வாசலில் நின்ற அதே குரல்.

“நீ பாதி குடிச்சுப்போட்டுக் குடு, கண்ணு” என்றார் கருப்புசாமி.

எழுத்துப் பிரதியில் அந்த இடத்தில் ‘இடையூறு’ என்று மட்டும் இருந்தது.

மேடத்திடம் காட்டினேன்.

“ஆராய்ச்சிக்கு மட்டும்னுதான அவரு கையெழுத்துப் போட்டிருக்காரு? எதிக்ஸ் கமிட்டியக் கேக்கோணும் கயல். ஒரு வரிக்கு இத்தன நாளா?”

“கேளுங்க மேடம். அழிக்கறதுன்னு மட்டும் என்னால எழுத முடியலைங்க.”

‘ஒலி அழிக்கப்படும்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘குடும்பத்தார் கேட்டால், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு ஒலி தரப்படும்’ என்று எழுதினேன். மாரியாத்தாளுக்குப் போன் செய்தேன்.

“கெடைச்சுதுங்க. அனுமதி கேட்டிருக்கோம். ஒரு மாசமாகும்.”

“இருக்குதில்ல? போதுங்க.” பிறகு குரல் தணிந்தது. “நடுவுல நான் காப்பி கொண்டாந்தேன். அது இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

“என்னமோ சொன்னாரு. நான் அடுப்படிக்குத் திரும்பிட்டேன், காதுல உழுகல. என்ன சொன்னாருங்க கண்ணு?”

சொல்லலாமா? அனுமதி வேண்டுமென்று நானே எழுதிய பக்கம் எதிரில் கிடந்தது.

“அடுத்த மாசம் நீங்களே கேளுங்க” என்றேன். அனுமதி வருமென்று யார் எனக்குச் சொன்னார்கள்?

மறுமுனையில் அவர் போனை வைக்கவில்லை.